டெபியன் பேக்கேஜில் விருப்ப லைப்ரரிகள்: டிபெண்ட்ஸா, ரெக்கமெண்ட்ஸா, சஜஸ்ட்ஸா?

தறிநூல்

வணக்கம். ஆவணங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தேடல் அட்டவணை கட்டும் கமாண்ட்லைன் கருவி ஒன்றை டெபியனுக்குப் பேக்கேஜ் செய்கிறேன். உள்கரு சி மொழியில். ஒரு சிறிய பைத்தான் பகுதியும் உண்டு, அது பைபிஐ-யில் (பைத்தான் பேக்கேஜ் தளம்) தனியாகவும் வெளியாகிறது.

பிடிஎஃப் படிக்க பாப்ளர் வேண்டும். அது இல்லாவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை. ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி படங்களுக்கு லிப்ஹீஃப், நேரடியாக லிங்க் ஆகிறது. ஸ்கேன் செய்த பக்கங்களில் உள்ள எழுத்தை அடையாளம் காண (ஓசிஆர்) டெசராக்ட், பழைய டாக் கோப்புகளுக்கு லிபர்ஆஃபிஸ், ரார் காப்பகங்களுக்கு அன்ரார். இந்த மூன்றையும் தனி புராசஸாக ஓட்டுகிறோம். டெசராக்ட் 5 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், 4.1 உள்ள மெஷினில் வெளியீடு சரியாக வருவதில்லை.

எல்லாவற்றையும் கண்ட்ரோல் கோப்பின் டிபெண்ட்ஸ் புலத்தில் போட்டால், நாலு பிடிஎஃப் தேட வந்தவருக்கு லிபர்ஆஃபிஸ் முழுக்க இறங்குகிறது. எல்லாவற்றையும் சஜஸ்ட்ஸுக்குத் தள்ளினால், ஸ்கேன் பக்கம் படிக்கவில்லை என்று பக் ரிப்போர்ட் வருகிறது. எதை எங்கே வைப்பது? முடிவெடுக்க ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

பொதிகட்டி

அளவுகோல் இருக்கிறது. டெபியன் பாலிசியின் 7.2-ஆம் பிரிவைப் படியுங்கள். கணிசமான பயன்பாடு கிடைக்க அவசியமானது டிபெண்ட்ஸ். அசாதாரணமான நிறுவல்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கூடவே இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடியது ரெக்கமெண்ட்ஸ். இருந்தால் நல்லது, இல்லாமல் நிறுவினாலும் நியாயமானதே என்றால் சஜஸ்ட்ஸ். ஆனால் இந்த வரையறைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: அந்த லைப்ரரி மெஷினில் இல்லாதபோது உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது?

லிப்ஹீஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பைனரியை ரீட்எல்ஃப் கருவியில் போட்டு டைனமிக் பகுதியைப் பாருங்கள். "நீடெட்" வரிகளில் லிப்ஹீஃப் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. லைப்ரரி இல்லாத மெஷினில் உங்கள் மெயின் ஃபங்க்ஷன் தொடங்குவதற்கு முன்பே டைனமிக் லோடர் "ஷேர்டு ஆப்ஜெக்டைத் திறக்க முடியவில்லை" என்று சொல்லி 127 என்ற குறியீட்டோடு நின்றுவிடும். ஹெச்இஐசி படமே வைத்திராதவருக்கு பிடிஎஃப் தேடலும் போச்சு. லிங்க் ஆன லைப்ரரியை ரெக்கமெண்ட்ஸுக்கு இறக்குவது விருப்பமாக்குவது ஆகாது, உடைந்த பேக்கேஜைத் தருவதாகும். லிங்க் இருக்கும்வரை டிபெண்ட்ஸ்தான். அதை நீங்கள் கையால் எழுதவும் கூடாது, பைனரி எந்த லைப்ரரிகளோடு லிங்க் ஆகியிருக்கிறது என்று பார்க்கும் டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸ் கருவி கண்டுபிடித்து எழுதட்டும்.

லிப்ஹீஃபை நிஜமாகவே விருப்பமாக்க வேண்டுமென்றால் புரோகிராமின் கோடைத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியைத் தனி ப்ளகின் கோப்பாகப் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் ஏற்றலாம். அல்லது லைப்ரரியையே, ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் டிஎல்ஓபன் ஃபங்க்ஷன் மூலம் திறக்கலாம். ப்ளகின் வழியில் போனால் ஒரு பொறி இருக்கிறது. பில்டில் அந்தக் கருவியை அழைக்கும் டிஹெச்_எஸ்ஹெச்லிப்டெப்ஸ், பேக்கேஜுக்குள் இருக்கும் எல்லா எல்ஃப் (லினக்ஸ் பைனரி வடிவம்) கோப்புகளையும் படிக்கும். ப்ளகினையும் படித்து லிப்ஹீஃபை மறுபடி டிபெண்ட்ஸிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் ப்ளகினை அதிலிருந்து விலக்கிவிட்டு, டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸை நீங்களே அழைத்து, ப்ளகின் கோப்பின் பெயருக்கு முன்னால் சிறிய டி விருப்பத்தோடு ரெக்கமெண்ட்ஸ் என்று கொடுங்கள், மற்ற பைனரிகளுக்கு முன்னால் டிபெண்ட்ஸ். எல்லாம் ஒரே அழைப்பில் இருக்கட்டும். ஒரே லைப்ரரி இரண்டு இடத்திலும் வந்தால் வலுவான புலத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு கண்ட்ரோல் கோப்பில் எஸ்ஹெச்லிப்ஸ்-ரெக்கமெண்ட்ஸ் மாறியைச் சேர்க்க மறக்காதீர்கள். அதை விட்டால் அந்தச் சார்பு எங்கேயும் பதிவாகாது.

ப்ளகினைத் தனி பைனரி பேக்கேஜாகவே போடலாம். அதற்குள் லிப்ஹீஃப் டிபெண்ட்ஸ், முதன்மை பேக்கேஜில் அந்த ப்ளகின் ரெக்கமெண்ட்ஸ். சுத்தமான வழிதான். ஆனால் 40 கேபி கோப்புக்கு ஒரு பேக்கேஜ் என்று பிரித்துக்கொண்டே போனால் ஆர்க்கைவின் அட்டவணை வீங்கும், புதிய பேக்கேஜ் ஒவ்வொன்றும் ஆர்க்கைவ் நிர்வாகிகள் பார்வையிடும் நியூ வரிசையில் காத்திருக்கும். இழுத்துவரும் சுமை பெரிதாக இருந்தால் மட்டும் பிரியுங்கள். உங்கள் விஷயத்தில் லிப்ஹீஃபை லிங்க் செய்து டிபெண்ட்ஸில் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. டெஸ்க்டாப் மெஷின் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும்.

டெசராக்ட் தனி புராசஸ் என்பதால் கை கட்டப்படவில்லை. ஆவணத் தேடல் கருவி என்று விளக்கம் எழுதியிருந்தால் ஸ்கேன் பக்கமும் தேடப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரெக்கமெண்ட்ஸ். லிபர்ஆஃபிஸ் சஜஸ்ட்ஸ். அதிலும் முழு பேக்கேஜைச் சொல்லாமல், திரை இல்லாத மெஷினுக்கென்றே இருக்கும் லிபர்ஆஃபிஸ்-ரைட்டர்-நோஜியூஐ-யை முதலில் எழுதி, மாற்றாக சாதாரண ரைட்டரைக் கொடுங்கள்.

அன்ரார் விஷயத்தில் உங்களுக்குத் தேர்வே இல்லை. அது ஆர்க்கைவின் நான்-ஃப்ரீ பகுதியில் (கட்டற்ற உரிமம் இல்லாதவை) இருக்கிறது. மெயின் பகுதியில் இருக்கும் பேக்கேஜ் அதற்கு வெளியே உள்ளதை டிபெண்ட்ஸிலோ ரெக்கமெண்ட்ஸிலோ வைக்கக்கூடாது, சஜஸ்ட்ஸ் மட்டும் அனுமதி. மெயினில் உள்ள அன்ஆர் கருவியை முதலில் போட்டு, அன்ராரை இரண்டாவது மாற்றாக எழுதுவதும் பாலிசிக்கு உட்பட்டதே. கருவி இரண்டின் வெளியீட்டையும் கையாளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டின் கட்டளை வடிவமும் வேறு.

பதிப்பு விஷயம் தனி. ரெக்கமெண்ட்ஸில் "டெசராக்ட் 5-க்குக் குறையாமல்" என்று எழுதினால் அது பழையதைத் தடுக்காது. 4.1 இருக்கும் மெஷினில் ரெக்கமெண்ட்ஸ் நிறைவேறவில்லை, அவ்வளவுதான். உங்கள் பேக்கேஜ் நிறுவப்படும், ஓடும், தவறான எழுத்தை அட்டவணையில் ஏற்றும். பழைய பதிப்போடு சேர்ந்து இருக்கவே கூடாது என்றால் பிரேக்ஸ் புலத்தில் "5-க்குக் கீழ்" என்று போட வேண்டும். ஆனால் தனி புராசஸாக ஓடும் ஒன்றுக்கு பிரேக்ஸ் கொஞ்சம் முரட்டுத்தனம். வேறு காரணத்துக்காக பழைய டெசராக்ட் வைத்திருப்பவரை உங்கள் கருவி தொந்தரவு செய்யும். ஓடும்போது டெசராக்டிடமே பதிப்பைக் கேட்டு, 5-க்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட்டுக் காரணத்தைச் சொல்வது மேல்.

செர்வர்காவல்

சர்வர் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். டெபியன் 5.0 லென்னி (2009) முதல், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி ரெக்கமெண்ட்ஸையும் இயல்பாகவே நிறுவுகிறது, உபுண்டுவில் 8.10 முதல். ஆக, நீங்கள் ரெக்கமெண்ட்ஸில் எழுதுவது சாதாரண பயனருக்கு டிபெண்ட்ஸ் மாதிரியேதான் வந்து இறங்கும். அதோடு நிற்காது: ரெக்கமெண்ட்ஸில் வந்த பேக்கேஜின் ரெக்கமெண்ட்ஸும் வரும், அதனுடையதும் வரும். புலத்தை எழுதுவதற்கு முன் வெற்று க்ரூட்டில் (தனித்து ஒதுக்கிய அடிப்படை நிறுவல்) ஆப்ட்-கெட்டை சிமுலேட் விருப்பத்தோடு ஓட்டி மொத்தப் பட்டியலைப் பாருங்கள். ஒரு வரி எண்பது பேக்கேஜை இழுத்து வருவது அங்கேதான் தெரியும்.

கண்டெய்னர் படங்களில் நிலைமை தலைகீழ். டாக்கர்ஃபைலில் "நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" போடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே ரெக்கமெண்ட்ஸ் எதுவும் வராது. எனவே ரெக்கமெண்ட்ஸில் இருப்பது ஒன்றுகூட இல்லாமல் கருவி தொடங்க வேண்டும், உதவித் திரை வர வேண்டும், பிடிஎஃப் தேடல் வேலை செய்ய வேண்டும். அது நடக்காது என்றால் அந்தப் பொருள் டிபெண்ட்ஸில் இருந்திருக்க வேண்டும்.

சஜஸ்ட்ஸ் எதையும் செய்யாத புலம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவையற்றுப்போன பேக்கேஜ்களை நீக்கும் ஆப்ட்டின் ஆட்டோரிமூவ், இயல்பு அமைப்பில் ரெக்கமெண்ட்ஸை மட்டுமல்ல, சஜஸ்ட்ஸையும் முக்கியமானதாகக் கணக்கில் எடுக்கும். நிறுவப்பட்ட ஏதோ ஒரு பேக்கேஜ் லிபர்ஆஃபிஸை சஜஸ்ட் செய்தால் போதும், தானாக வந்த லிபர்ஆஃபிஸ் ஆட்டோரிமூவில் போகாது. இருபது பேக்கேஜை சஜஸ்ட்ஸில் கொட்டிவைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. என் சர்வர்களில் ஆட்டோரிமூவின் சஜஸ்ட்ஸ்இம்பார்ட்டண்ட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குவது வழக்கம்.

பின்னால் மாற்ற நினைத்தால்: சஜஸ்ட்ஸில் இருந்ததை அடுத்த பதிப்பில் ரெக்கமெண்ட்ஸுக்கு உயர்த்தினால், அப்கிரேடின்போது புதிதாகச் சேர்ந்த ரெக்கமெண்ட்ஸ் என்று ஆப்ட் அதைக் கொண்டுவந்து நிறுவும். ஏற்கெனவே ரெக்கமெண்ட்ஸில் இருந்து பயனர் வேண்டாமென்று நீக்கியதைத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே குறைவாகத் தொடங்கி உயர்த்துவது எல்லார் மெஷினிலும் தெரியும், இறக்குவது புது நிறுவல்களில் மட்டும் தெரியும்.

ஓடுநேரம்

பொதிகட்டி டிஎல்ஓபனைத் தொட்டுவிட்டுப் போனார். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2024-க்குப் பிறகு பலரும் அந்தப் பக்கம் போகிறார்கள்.

காரணம் தெரிந்ததே. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிக்கொண்டுவந்த பின்கதவு, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவுக்குள் இருந்தது. ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கும் எல்இசட்எம்ஏ சுருக்கத்துக்கும் எந்த உறவும் இல்லை. டெபியன் உள்ளிட்ட சில டிஸ்ட்ரோக்கள், சேவை தயார் என்று சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காக எஸ்எஸ்ஹெச்டியை லிப்சிஸ்டம்டியோடு லிங்க் செய்திருந்தன. லிப்சிஸ்டம்டி லிப்எல்இசட்எம்ஏவோடு லிங்க் ஆகியிருந்தது. ஒரு சிறு அறிவிப்புக்காக எடுத்த லைப்ரரி, தேவையே இல்லாத இன்னொரு லைப்ரரியை எஸ்எஸ்ஹெச்டியின் புராசஸுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. விருப்ப அம்சத்தை வலுவாக லிங்க் செய்வதன் விலை இது. சிஸ்டம்டி தரப்பில் இத்தகைய லைப்ரரிகளை டிஎல்ஓபனுக்கு மாற்றினார்கள், ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் அந்த அறிவிப்பை லைப்ரரியே இல்லாமல் தானே அனுப்பும் கோடை எழுதிக்கொண்டது. உங்களுக்குத் தேவை முப்பது வரிக் கோடுதான் என்றால் இந்த இரண்டாவது வழி எல்லாவற்றையும்விட மேல். சார்பே இல்லாமல் போய்விடுகிறது.

டிஎல்ஓபனில் தவறும் இடங்கள். முதலாவது, கோப்புப் பெயர். எண் இல்லாத லிப்ஹீஃப் எஸ்ஓ என்ற பெயர், கோடு எழுதுபவர்களுக்கான டெவ் பேக்கேஜில் இருக்கும் சிம்லிங்க். உங்கள் மெஷினில் திறக்கும், பயனர் மெஷினில் திறக்காது. சோநேமை (லைப்ரரிக்குள் பதிந்த அதிகாரப்பூர்வப் பெயர்) முழுதாக, கடைசியில் உள்ள 1 என்ற எண்ணோடு கொடுங்கள். எண் இல்லாமல் கொடுத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: நாளை ஏபிஐ (பைனரி அளவிலான இடைமுகம்) மாறிய பதிப்பு 2 வந்து அதே பெயரில் திறந்துவிட்டால், பழைய ஹெடரின் ஸ்ட்ரக்ட் அமைப்போடு புதிய லைப்ரரியை அழைத்து நினைவகம் கெடும்.

இரண்டாவது, சார்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. எஸ்ஹெச்லிப்டெப்ஸுக்கு டிஎல்ஓபன் தெரியாது. அதனால் ரெக்கமெண்ட்ஸில் லைப்ரரியின் பெயரைக் கையால் எழுதுவீர்கள். 2024-இல் நேரத்தைக் குறிக்கும் டைம்_டி வகையை 64-பிட் ஆக்கும் மாற்றம் வந்தபோது லிப்கர்ல்4 போன்ற பேக்கேஜ்கள் லிப்கர்ல்4டி64 என்று பெயர் மாறின. ஏஎம்டி64-இல் (சாதாரண 64-பிட் பிசி) புதிய பேக்கேஜ் பழைய பெயரையும் ப்ரொவைட் செய்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஏஆர்எம்ஹெச்எஃப்பில் (32-பிட் ஆர்ம்) ஏபிஐ உண்மையாகவே மாறியதால் அப்படிச் செய்யவில்லை. டிபெண்ட்ஸில் இருந்தால் நிறுவல் நின்று சத்தம் போட்டிருக்கும். கையால் எழுதிய ரெக்கமெண்ட்ஸ் சத்தமில்லாமல் நிறைவேறாமல் போகும், அம்சம் காணாமல் போகும், ஒரு வருடம் கழித்து யாராவது கேட்கும்போதுதான் தெரியும்.

இதற்கு இப்போது வழி இருக்கிறது. பைனரிக்குள் ஒரு எல்ஃப் குறிப்பாக, எந்த சோநேமைத் திறக்கப் போகிறோம், எந்த அம்சத்துக்காக, முன்னுரிமை என்ன என்று ஜேசன் வடிவில் எழுதிவைக்கலாம். முன்னுரிமைக்கு ரிக்வயர்டு, ரெக்கமெண்டட், சஜஸ்டட் என்று மூன்று மதிப்பு. சிஸ்டம்டி 256-லிருந்து இதைப் பயன்படுத்துகிறது. டெபியனில் டிஹெச்-டிஎல்ஓபன்லிப்டெப்ஸ் என்ற டெப்ஹெல்பர் துணைக்கருவி அந்தக் குறிப்பைப் படித்து, அந்தந்த முன்னுரிமைக்கான மாறிகளை நிரப்பித் தரும். டிஎல்ஓபன் செய்வதென்றால் இதையும் சேர்த்தே செய்யுங்கள். எவ்வளவு தேவை என்ற தீர்ப்பு கோடை எழுதியவரிடமிருந்தே வருவது, பேக்கேஜ் செய்பவர் ஊகிப்பதைவிட நம்பகமானது.

மூன்றாவது, லிப்ஹீஃபுக்கே உரியது. லைப்ரரி திறந்துவிட்டது என்பதால் ஹெச்இஐசி படிக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். டெபியனில் அதன் கோடெக்குகள் தனி ப்ளகின் பேக்கேஜ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. டிகோட் செய்ய லிப்டிஇ265 போன்ற டிகோடர் ப்ளகின் வேண்டும். லைப்ரரி இருந்து ப்ளகின் இல்லாத மெஷின் சாத்தியம். ஹீஃப்_ஹேவ்_டிகோடர்_ஃபார்_ஃபார்மட் என்ற ஃபங்க்ஷனை ஹெச்இவிசி மதிப்போடு அழைத்துப் பாருங்கள், பூஜ்யம் வந்தால் அம்சம் இல்லை என்று பொருள்.

தறிநூல்

மிக்க நன்றி. லிப்ஹீஃபை லிங்க் ஆகவே விடுகிறேன். இரண்டு கேள்வி. பில்டுக்கு முன் ஓடும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் லைப்ரரிகளைத் தானாகக் கண்டுபிடிப்பதை அப்படியே விடலாமா? பைத்தான் பகுதிக்கு எக்ஸ்ட்ராஸ் (பைத்தான் பேக்கேஜின் விருப்பச் சார்புகள்) போதுமா? அங்கே ட்ரை போட்டு இம்போர்ட்எர்ரரைப் பிடித்து, அம்சம் இல்லை என்று கொடியை ஃபால்ஸ் ஆக்குகிறோம்.

பொதிகட்டி

முதல் கேள்விக்கு: விடாதீர்கள். ஜென்டூ டிஸ்ட்ரோக்காரர்கள் இதை ஆட்டோமேஜிக் என்று சொல்லித் திட்டுவார்கள், நியாயமான கோபம். பில்ட் மெஷினில் தற்செயலாக என்ன இருந்ததோ அதைப் பொறுத்து பைனரி மாறுகிறது. பில்ட்-டிபெண்ட்ஸில் ஒரு பெயர் விடுபட்டால் பில்ட் வெற்றி பெறும், அம்சம் மட்டும் போயிருக்கும். கன்ஃபிகரில் "வித்-ஹீஃப்" என்று வெளிப்படையாகக் கொடுத்தால், லைப்ரரி இல்லாதபோது பிழையோடு நிற்க வேண்டும். "ஆட்டோ" உங்கள் சொந்த மெஷினோடு நிற்கட்டும். மீசான் என்ற பில்ட் கருவிக்கு மாறினால் ஃபீச்சர் வகை விருப்பத்தில் எனேபிள்டு, டிசேபிள்டு, ஆட்டோ மூன்றும் தயாராகவே உண்டு. ஃபெடோராவின் மீசான் மேக்ரோ ஆட்டோவில் இருப்பதையெல்லாம் எனேபிள்டாக மாற்றித்தான் பில்ட் செய்கிறது.

ஒன்று கவனியுங்கள். ரன்டைமில் ரெக்கமெண்ட்ஸ் ஆக்கினாலும் பில்ட்-டிபெண்ட்ஸ் வலுவானதுதான். அந்த லைப்ரரியில் வெளியீட்டைத் தடுக்கும் பக் வந்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் கிளையிலிருந்து நீக்கப்பட்டால், அதை பில்ட்-டிபெண்ட்ஸில் வைத்திருப்பதற்காகவே உங்கள் பேக்கேஜும் சேர்ந்து போகும். டெஸ்டுக்கு மட்டும் வேண்டியவற்றை நோசெக் (டெஸ்ட் ஓட்டாத பில்ட்) ப்ரொஃபைலால் குறியிட்டு வைப்பது நல்லது.

ஓடுநேரம்

பைத்தானுக்கு: எக்ஸ்ட்ராஸ் சரியான இடம், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். பைப்ராஜெக்ட் டாமல் கோப்பில் ஆப்ஷனல்-டிபெண்டன்சீஸ் பகுதியில் ஓசிஆர், ஹீஃப் என்று எழுதினால், பயனர் சதுர அடைப்பில் கேட்டால்தான் வரும். இயல்பாக வந்து, வேண்டாதவர் விலக்கிக்கொள்ளும் ரெக்கமெண்ட்ஸ் மாதிரியான நிலை அங்கே இல்லை. கேட்டதும் நினைவில் நிற்காது: பிறகு எக்ஸ்ட்ரா பெயரில்லாமல் அப்கிரேட் செய்தால், அந்த எக்ஸ்ட்ரா புதிதாகக் கேட்கும் பதிப்புகளை பிப் பார்க்காது. எக்ஸ்ட்ராஸ் பெயரை அம்சத்தின் பெயராக வையுங்கள், லைப்ரரியின் பெயராக வேண்டாம். நாளை லைப்ரரி மாறினாலும் பயனர் எழுதிய வரி மாறாது.

இம்போர்ட்எர்ரரைப் பிடிப்பதுதான் பிரச்சினை. லைப்ரரி இல்லாவிட்டாலும் அது வரும், லைப்ரரி இருந்து உடைந்திருந்தாலும் அதுவே வரும். நம்பை (பைத்தானின் எண் கணக்கீட்டு லைப்ரரி) பதிப்புக்குப் பொருந்தாத சி நீட்சியை ஏற்றும்போது பல நேரம் இம்போர்ட்எர்ரர்தான் எழும். உங்கள் கோடு அதை விழுங்கி, "அம்சம் நிறுவப்படவில்லை" என்று பொய் சொல்லும். பயனர் இருப்பதையே மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார். மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரரை மட்டும் பிடியுங்கள், அதன் நேம் பண்பு நீங்கள் கேட்ட மாட்யூலின் பெயர்தானா என்றும் ஒப்பிடுங்கள். வேறு பெயர் என்றால் லைப்ரரி உள்ளே எதையோ காணவில்லை, அந்தப் பிழையை அப்படியே மேலே விடுங்கள்.

செய்தியும் முக்கியம். "ஓசிஆர் கிடைக்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கோப்பின் எந்தப் பக்கம் தவிர்க்கப்பட்டது, எந்தப் பேக்கேஜை நிறுவ வேண்டும் என்று சொல்லுங்கள். வெளியேறும் குறியீடு பூஜ்யமாக இருக்கக்கூடாது. ஆயிரம் கோப்பை அட்டவணை போட்ட ஸ்கிரிப்டுக்கு அதுதான் தெரியும்.

செர்வர்காவல்

தமிழ் ஸ்கேன் பக்கங்களுக்காக ஒன்று. டெபியனில் டெசராக்ட் பேக்கேஜ் ஆங்கிலத்தையும் ஓஎஸ்டி-யையும் (பக்கத்தின் திசை, எழுத்துமுறை கண்டறியும் மாடல்) மட்டுமே டிபெண்ட்ஸில் கொண்டுவருகிறது. தமிழுக்கு டெசராக்ட்-ஓசிஆர்-டாம் தனியாக வேண்டும். அது இல்லாமல் ஆங்கில மாடலோடு ஓட்டினால் பிழை வராது, தமிழ்ப் பக்கத்திலிருந்து லத்தீன் குப்பை வரும், அது அப்படியே அட்டவணையில் ஏறும். மொழி மாடலை ரெக்கமெண்ட்ஸில் வைக்க முடியாது, நூற்றுக்கும் மேற்பட்ட மொழியில் எதை வைப்பீர்கள்? பயனரின் மொழி அமைப்பைப் பொறுத்து நிறுவு என்று சொல்ல டெப் புலங்களில் வழியில்லை. ஃபெடோரா போன்றவற்றின் ஆர்பிஎம்மில் உண்டு: சப்ளிமெண்ட்ஸ் புலத்தில் "இந்தக் கருவியும் லாங்பேக்ஸ்-டாவும் இருந்தால்" என்று எழுதலாம். வலுக்குறைந்த சார்புகள் ஆர்பிஎம் 4.12-இல் வந்தன, இந்த மாதிரி நிபந்தனைகள் 4.13-இல். ஆர்ச் டிஸ்ட்ரோவில் ஆப்ட்டிபெண்ட்ஸ் இருக்கிறது, ஆனால் அங்குள்ள நிறுவல் கருவி பேக்மேன் அதைத் திரையில் காட்டுவதோடு சரி, நிறுவாது. காரணத்தைக் கோலனுக்குப் பின்னால் எழுதும் வழக்கம் மட்டும் எல்லாரும் கடன் வாங்க வேண்டியது.

டெபியனில் செய்யக்கூடியது, தொடங்கும்போது டெசராக்டிடம் லிஸ்ட்-லாங்ஸ் கேட்டு, பயனர் குறிப்பிட்ட மொழி அதில் இல்லையென்றால் ஓடாமல் நிற்பது.

பொதிகட்டி

இதையெல்லாம் சோதனையில் கட்டிப்போடாவிட்டால் ஆறு மாதத்தில் நழுவிவிடும். நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டில் இரண்டு தனித்தனி டெஸ்ட் எழுதுங்கள். ஒன்றின் டிபெண்ட்ஸ் வரியில் வெறும் அட் குறி மட்டும்: ரெக்கமெண்ட்ஸ் எதுவும் வராது, அங்கே பிடிஎஃப் தேடல் ஓட வேண்டும், ஸ்கேன் கோப்பைக் கொடுத்தால் சரியான செய்தியும் பூஜ்யமல்லாத குறியீடும் வர வேண்டும். மற்றொன்றில் இரு அட் குறிக்கு நடுவே ரெக்கமெண்ட்ஸ் என்ற சொல்லையும் சேருங்கள்: அங்கே ஒரே ஒரு ஸ்கேன் பக்கத்தைப் படித்து, அதில் இருக்கும் ஒரு சொல் அட்டவணையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். நாளை டெசராக்ட் பேக்கேஜ் பெயர் மாறினால் இந்த இரண்டாவது டெஸ்ட்தான் முதலில் சிவப்பாகும்.